சுவரா, பெட்டியா, புழக்கமா?

பூர்வீக வீட்டை விற்றுப் பங்கு பிரித்தபின், பித்தளை உருளியும் மங்கிய புகைப்படங்களும் பாட்டியின் கூறைப்புடவையுமாகத் தம் பங்குக்கு வந்தவற்றை இரண்டே அறைகள் கொண்ட அடுக்குமாடிக் குடித்தனத்தில் எங்கே வைப்பது என்று திகைப்பவர்கள், எது அழகு என்று யோசிப்பதற்கு முன்னால், வெளிச்சத்தையும் ஈரத்தையும் தாங்கவல்லது எது என்று விசாரிப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

புகைப்படத்துக்குச் சுவர்தான் இடம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் சுவருக்கு உரியது பிரதியே அன்றி அசல் அன்று. நல்ல பிரதி ஒன்று எடுத்துக் கூடத்தில் மாட்டிவிட்டு, மூலத்தை இருட்டான, உலர்ந்த இடத்தில் காகித உறையிலிட்டு வைப்பதே முறை. எங்கள் கொள்ளுப்பாட்டனார் படத்தைச் சட்டம் போடக் கொடுத்தபோது, கடைக்காரர் அதை அட்டையோடு பசை தடவி ஒட்டிவிட, பின்புறம் பென்சிலால் எழுதியிருந்த ஊரும் வருஷமும் பசைக்குள்ளேயே சமாதியாயின. ஆகவே சட்டம் போடுவதற்கு முன் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே ஒன்றுமில்லையென்றால், படத்திலிருப்பவர் இன்னார் என்று சொல்லக்கூடிய பெரியவர் இருக்கும்போதே கேட்டு, மெல்லிய பென்சிலால் எழுதிவையுங்கள். பெயர் தெரியாத மீசை எத்தனை கம்பீரமாயிருந்தாலும் அது குடும்ப சரித்திரம் ஆகாது.

சுவாமி படங்களில் பேதம் உண்டு. 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மாவின் அச்சகத்திலிருந்து வந்த படங்கள் காகிதமாதலால் வெயில்படாத சுவரையே வேண்டுவன. தஞ்சாவூர்ப் படமோ பலகையின்மேல் துணியும் சுண்ணப்பூச்சும் பொன்தகடும் ஏறியதாதலால், குளியலறையை ஒட்டிய ஈரச்சுவருக்கு மாத்திரம் அதைத் தரலாகாது.

புடவையை முழுதும் விரித்துக் கண்ணாடிக்குள் அடைப்பது இப்போதைய மோஸ்தர். எனக்கு அது சம்மதமில்லை. உடுத்தும் நிலையிலிருந்தால் உடுத்துங்கள். இல்லையேல் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி, பாச்சையுருண்டை சரிகையில் படாமல் பெட்டியில் வையுங்கள். கிழிந்துபோன புடவையானால் முந்தானைத் துண்டு ஒன்றைச் சட்டத்திலிடுவதில் தவறில்லை.

பித்தளைக்குப் புழக்கமே மேல். உருளியில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்கவிடுவது கண்ணுக்கு இனிதுதான் எனினும், ஈயம் பூசி, ஆண்டுக்கு நான்கு முறையாவது அதில் பாயசம் காய்ச்சுகிற வீட்டில் பாட்டியின் பேச்சு எழுவதுபோல், பூ மிதக்கும் வீட்டில் எழுவதில்லை. லிட்டர் வந்தபின் ஓய்வுபெற்றுவிட்ட படியும் ஆழாக்கும்கூட அரிசிப்பானைக்குள்ளேயே இருக்கட்டும்; எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதைக் குழந்தைகள் அளந்து பார்த்தே அறியலாம்.

ஓலைச்சுவடி மாத்திரம் இம்மூன்றிலும் அடங்காது. ஓர் ஏட்டை உருவிச் சட்டம் போட்டால், ஏடு அழகுப்பொருளாகும். எஞ்சிய கட்டு மூளியாகும். அத்தகைய கட்டு உங்கள் பரணில் கிடக்குமாயின், கயிற்றை அவிழ்க்காமல், 1943-இல் சென்னையில் நிறுவப்பட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்துக்கோ தஞ்சைச் சரசுவதி மகாலுக்கோ கொண்டுபோய், படிக்கத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள்.