உறுப்புக்கான வரிசையில் உங்கள் இடம்

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்வோரும் அவர்தம் குடும்பத்தாரும் மருத்துவரிடம் பல கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலோர் மருத்துவரிடம் கேட்பதில்லை. அறையை விட்டு வெளியே வந்த பின், செவிலியரிடம் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள்: "கொஞ்சம் கூடுதலாகப் பணம் கட்டினால் வரிசையில் முன்னால் போக முடியுமா?"

கோயிலில்கூடக் கட்டண வரிசை, இலவச வரிசை என இரண்டைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆகவே இந்த ஐயம் எழுவதில் வியப்பில்லை. இறந்தோர் கொடையாக அளிக்கும் உறுப்புகளைப் பொறுத்தவரை, இதற்கு விடை "முடியாது" என்பதே. ஏன் முடியாது, அதை நீங்களே எவ்வாறு சரிபார்க்கலாம் என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் வந்தது, வணிகம் நிற்கவில்லை

1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை வெற்றிகரமாகச் செய்யப்பட்டது. 1980களில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து வந்தபின், உறவினர் அல்லாதவரின் சிறுநீரகத்தையும் உடல் ஏற்கச் செய்வது எளிதாயிற்று. அறிவியல் திறந்த கதவின் வழியே தரகர்களும் நுழைந்தனர். சென்னை வில்லிவாக்கத்திற்குக் "கிட்னிவாக்கம்" என்ற பெயர் ஏற்படும் அளவிற்கு ஏழைகளின் சிறுநீரகங்கள் விலைபோயின.

நாடாளுமன்றம் 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றியது. உறுப்பை வாங்குவதும் விற்பதும் குற்றமாயின. ஆயினும், அன்பின் காரணமாக உறவினர் அல்லாதவரும் உறுப்பு அளிக்கலாம் என்று சட்டம் விட்டுவைத்த விதிவிலக்கைத் தரகர்கள் பயன்படுத்திக்கொண்டனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் எர்ணாவூர் மறுவாழ்வுக் குடியிருப்பில் வாழ்ந்த மீனவப் பெண்கள் பலர் வறுமையால் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007இன் தொடக்கத்தில் வெளிவந்து தமிழகத்தை அதிரவைத்தது.

சட்டம் ஏட்டில் இருந்தது. அது எவ்வாறு பின்பற்றப்படுகிறது என்பதைப் பொதுமக்கள் காண வழி இல்லை. குறை அங்கேதான் இருந்தது.

2008: பதிவேடு பிறந்த ஆண்டு

2008இல் தமிழக அரசு தொடர்ச்சியாகப் பல ஆணைகளை வெளியிட்டு, மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்பு பெறும் திட்டத்தை உருவாக்கியது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் இரத்தநாள அறுவை மருத்துவர் ஜெ. அமலோற்பவநாதன் அதன் ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு செப்டம்பரில், சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது மாணவர் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவருடைய பெற்றோர் கொடையாக அளித்தனர். காவல்துறை வழியமைத்துத் தர, அவரது இதயம் 11 நிமிடங்களில் நகரின் மறுபுறம் இருந்த மருத்துவமனையை அடைந்தது. உறுப்புக்கொடை என்ற சொல் அன்றிலிருந்து தமிழ் இல்லங்களில் பேசப்படும் சொல்லாயிற்று.

அத்திட்டமே பின்னர்த் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமாக வளர்ந்தது. 2024இல் மட்டும் மூளைச்சாவு அடைந்த 268 பேரின் உறுப்புகள் தமிழ்நாட்டில் கொடையாகக் கிடைத்தன. இவ்வளவு குடும்பங்கள் துயரத்தின் உச்சத்தில் சம்மதிக்கின்றன என்றால், தம் மகனின் சிறுநீரகம் விலைபேசப்படாது என்று அவர்கள் நம்புகிறார்கள் என்பதே பொருள். அந்த நம்பிக்கை சரிந்தால் கொடை குறையும். கொடை குறைந்தால் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரின் காத்திருப்பும் நீளும். எனவே, இங்கே வெளிப்படைத்தன்மை என்பது நிர்வாக ஒழுங்கோடு முடிவதன்று; உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதியும் ஆகும்.

முறை எவ்வாறு இயங்குகிறது?

முதலாவதாக, மூளைச்சாவை ஒரே மருத்துவர் அறிவிக்க இயலாது. நான்கு மருத்துவர்கள் அடங்கிய குழு சான்றளிக்க வேண்டும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் சோதனைகள் இருமுறை செய்யப்பட வேண்டும். உறுப்பைப் பொருத்தப்போகும் குழுவினர் இதில் இடம்பெறக் கூடாது.

இரண்டாவதாக, உறுப்பு யாருக்கு என்பதைத் தனியொரு மருத்துவரின் விருப்பம் முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு நோயாளியும் உரிமம் பெற்ற ஒரு மருத்துவமனையின் வழியாக ஆணையத்தின் பட்டியலில் பதிவு பெறுகிறார். இரத்த வகையும் பதிவின் மூப்பும் சிறுநீரக ஒதுக்கீட்டில் முதன்மையானவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்று சிகிச்சைகளும் அடங்கும். அத்திட்டத்தின் வழியாக வருபவர், சொந்தப் பணம் செலுத்துபவர் என்ற வேறுபாடு பட்டியலின் மூப்பை மாற்றாது.

மூன்றாவதாக, உயிருடன் இருப்போர் அளிக்கும் கொடைக்குத் தனி விதிகள் உள்ளன. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரே நெருங்கிய உறவினர். பிறர் அளிக்க முன்வந்தால் அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். உறுப்பு வணிகத்திற்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், 20 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. விற்பவர், வாங்குபவர், தரகர் எல்லோருக்கும் இது பொருந்தும்.

"என் பின்னால் இருந்தவருக்கு முதலில் கிடைத்ததே?"

இக்கேள்வியில் நியாயம் உண்டு. பெரும்பாலும் அதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. கிடைத்த சிறுநீரகத்தின் இரத்த வகை வேறாக இருந்திருக்கலாம். கொடையாளரின் அணுக்களை உங்கள் இரத்தம் எதிர்க்கிறதா என்று பார்க்கும் குறுக்குப் பொருத்தச் சோதனை பாதகமாக வந்திருக்கலாம். அன்று உங்களுக்குக் காய்ச்சலோ நோய்த்தொற்றோ இருந்திருக்கலாம். நள்ளிரவில் வந்த அழைப்பை யாரும் எடுக்காமல் போயிருக்கலாம். எதுவாயினும், காரணத்தைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கேட்பதால் மருத்துவர் வருந்துவாரோ என்று தயங்க வேண்டாம்.

கேள்விகள் முறையைக் கெடுப்பதில்லை. 2018இல் வெளிநாட்டு நோயாளிகளுக்கு இதயங்கள் ஒதுக்கப்பட்டது குறித்துப் பொதுவெளியில் கடும் விவாதம் எழுந்தது. ஒதுக்கீடுகள் எல்லாம் பதிவாகியிருந்ததால்தான் அவ்விவாதம் வெறும் வதந்தியாக முடியாமல், எண்ணிக்கைகளை முன்வைத்து நடந்தது.

மறைக்கப்பட வேண்டியவையும் உண்டு

எத்தனை பேர் கொடை அளித்தனர், எத்தனை சிகிச்சைகள் நடந்தன, எந்த விதியின்படி ஒதுக்கப்பட்டன என்பவை பொதுமக்களுக்கு உரிய தகவல்கள். கொடையாளர் யார், பெற்றவர் யார் என்பவை அப்படியல்ல. அளித்த குடும்பத்தைப் பெற்றவரோ, பெற்றவரை அளித்த குடும்பமோ தேடிச் செல்லும் நிலை ஏற்பட்டால், நன்றியும் கடனும் கலந்து இரு தரப்புக்கும் துன்பமே மிஞ்சும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் அரசு அமைப்புகளிடம் எண்ணிக்கைகளையும் விதிகளையும் கேட்கலாம். பிறருடைய மருத்துவ விவரங்களைப் பெற இயலாது. உங்கள் விவரங்களுக்கும் இதே காப்பு உண்டு.

தரகர் இன்னும் இருக்கிறார்

2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையம் பகுதியில், கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர்கள் வழியாகச் சிறுநீரகம் விற்றதாகச் செய்திகள் வெளிவந்தன. அரசின் விசாரணைக்குப் பின் இரு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று உரிமம் இரத்து செய்யப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. இறந்தோர் கொடை ஆணையத்தின் பட்டியலின்படி ஒதுக்கப்படுகிறது. உயிருள்ளோர் கொடையோ தனித்தனி ஆவணங்களை நம்பி நடக்கிறது. தரகர் நுழையும் இடமும் அதுவே. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு எனச் சென்னையின் எப்பகுதியில் டயாலிசிஸ் செய்துகொண்டாலும், வெளியே ஒருவர் வந்து "ஆள் இருக்கிறார், தாள்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால், அவர் உங்களைச் சிறைக்கும் அழைக்கிறார் என்று கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் உங்கள் பதிவு எண்ணையும் பதிவு நாளையும் எழுத்தில் பெறுங்கள். பதிவு நடப்பில் உள்ளதா என்று அவ்வப்போது கேளுங்கள்.

2. கைப்பேசி எண் மாறினால் அன்றே தெரிவியுங்கள். இரண்டு உறவினர்களின் எண்களையும் கொடுத்து வையுங்கள்.

3. மருத்துவமனையின் உறுப்பு மாற்று உரிமம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். அது நடப்பில் உள்ளதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

4. உங்கள் மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைகளின்படி, கேட்ட 72 மணி நேரத்திற்குள் அவை தரப்பட வேண்டும்.

5. எந்தத் தொகைக்கும் இரசீது பெறுங்கள். இரசீது தர மறுக்கப்படும் தொகையைச் செலுத்த வேண்டாம்.

6. முறைகேடு என்று ஐயுற்றால் தேனாம்பேட்டையில் உள்ள மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்திற்கு எழுதுங்கள். இச்சட்டத்தின்கீழ் மருத்துவமனைகளுக்கு உரிமம் வழங்கவும் இரத்து செய்யவும் அதிகாரம் பெற்ற அலுவலகம் அதுவே.

காத்திருப்பு கடினமானது. வாரத்தில் மூன்று நாள் ஊசி குத்திக்கொண்டு, குடிக்கும் தண்ணீரை அளந்து வாழ்வோரிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்வது எளிதன்று. ஆயினும் அந்த வரிசையில் உங்களுக்கு ஓர் எண் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது அதைக் கேட்டு, உங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.