கடப்பிதழில் வெற்றுப் பக்கம் உண்டா?

பால்மரம் வெட்டும் தொழிலாளிக்குப் பட்டையின் அருமை தெரியும். ஒரு மரத்தில் வெட்டுவதற்கு இன்னும் எவ்வளவு பட்டை எஞ்சியிருக்கிறது என்பதை அவர் கண்ணால் பார்த்தே கூறிவிடுவார். ஒவ்வொரு வெட்டும் சிறிது பட்டையைச் சீவி எடுக்கிறது. அளவறிந்து வெட்டினால்தான் மரம் பல்லாண்டுகள் பால் தரும்.

நாம் வெளிநாடு செல்லும்போது கொண்டுபோகும் கடப்பிதழும் ஏறத்தாழ இத்தகையதே. ஒவ்வொரு பயணமும் அதன் பக்கங்களில் சிறிது இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வெட்டிய இடத்தில் பட்டை மீண்டும் வளரும். முத்திரை விழுந்த பக்கமோ மீண்டும் வெறுமையாவதில்லை.

நம்மில் பலர் கடப்பிதழ் எந்தத் தேதிவரை செல்லும் என்பதைப் பார்க்கிறோம். பக்கங்களை எண்ணிப் பார்ப்பதில்லை. இதனால் நேரக்கூடிய இழப்பு சிறிதன்று.

ஓர் எடுத்துக்காட்டு

கெடா மாநிலத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டும் குடும்பத் தலைவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தமிழ்நாட்டில் தம் பாட்டனார் பிறந்த ஊரைக் காண வேண்டும், குலதெய்வக் கோயிலில் இளைய பிள்ளைக்கு முடியிறக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. கணவனும் மனைவியும் மூன்றாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் நால்வருக்கும் விமானச் சீட்டு வாங்கினார்கள். ஊரிலுள்ள உறவினர்கள் நாள் குறித்துப் பூசைக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

அவர் எல்லையை அடுத்து வாழ்பவர். ஆண்டுக்குப் பலமுறை நண்பர்களுடன் ஹாட்யாய் நகருக்குச் சென்று வருவார். போகும்போது ஒரு முத்திரை, திரும்பும்போது ஒரு முத்திரை எனத் தாய்லாந்துச் சாவடியில் அவருடைய கடப்பிதழ் நிறைந்துகொண்டே வந்தது. காலம் முடிய இன்னும் ஓராண்டு இருந்ததால் அவர் கவலைப்படவில்லை.

விமான நிலைய முகப்பில் பணியாளர் அவருடைய கடப்பிதழைப் புரட்டினார்; மீண்டும் ஒருமுறை புரட்டினார். முழு வெற்றுப் பக்கம் ஒன்றுகூட இல்லை. விமானம் புறப்பட இரண்டு மணி நேரமே இருந்தது. மனைவியும் பிள்ளைகளும் போகலாம், அவர் போக இயலாது என்று கூறப்பட்டது. தந்தையின்றிப் பிள்ளைக்கு முடியிறக்குவதா, நால்வரும் சீட்டுப் பணத்தை இழந்து வீடு திரும்புவதா? இத்தகைய கேள்விக்கு நல்ல விடை எதுவுமில்லை. அது எழாமல் பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.

பக்கம் எதற்குத் தேவை?

1920 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கூடிய அனைத்துலக மாநாடு, கடப்பிதழ் 32 பக்கங்கள் கொண்ட சிறு புத்தகமாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. உரியவரின் விவரங்களுக்குச் சில பக்கங்கள் போதும். மற்றவை பிற நாடுகளின் அதிகாரிகள் எழுதவும் முத்திரையிடவும் ஒதுக்கப்பட்டவை. அந்த அமைப்பே இன்றும் தொடர்கிறது.

முத்திரை என்பது வெறும் மைத்தடம் அன்று. நாம் எந்த நாளில், எந்த வழியாக நுழைந்தோம் என்பதற்கு அது சான்று. நாம் குறித்த நாளுக்குள் வெளியேறினோமா என்பதை அதிகாரி அதைக் கொண்டே அறிகிறார். ஒன்றன்மேல் ஒன்றாக முத்திரை விழுந்தால் தேதியைப் படிக்க இயலாது. ஆகவேதான் தெளிவான இடம் வேண்டுமென்று நாடுகள் கேட்கின்றன.

விசா ஒட்டுத்தாளுக்கு இன்னும் கூடுதலான இடம் வேண்டும். கடப்பிதழின் பக்கம் 125 மில்லிமீட்டர் நீளமும் 88 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பெரிய அளவு ஒட்டுத்தாளோ 120 மில்லிமீட்டர் நீளமும் 80 மில்லிமீட்டர் அகலமும் உடையது. ஆகவே ஒரு விசா ஒரு முழுப் பக்கத்தையும் விழுங்கிவிடும். பாதிப் பக்கம் காலியாக இருந்தும் பயனில்லை.

'இக்காலத்தில் எல்லாம் கணினியில் இருக்கிறதே' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். மின்னணுச் சில்லு பதித்த கடப்பிதழை உலகிலேயே முதன்முதலில், 1998 ஆம் ஆண்டில், வெளியிட்ட பெருமை நம் மலேசியாவுக்கு உரியது. சிங்கப்பூர் 2021 ஆம் ஆண்டில் வெளிநாட்டவர் கடப்பிதழில் முத்திரையிடும் வழக்கத்தைக் கைவிட்டது. ஐரோப்பிய நாடுகள் பல 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவைத் தொடங்கின. ஆயினும் எல்லா நாடுகளும் அந்நிலையை எட்டிவிடவில்லை. நாம் போகும் நாடு என்ன கேட்கிறது என்பதே நமக்கு முக்கியம்.

இந்தியா செல்வோர் கவனத்திற்கு

நம்மவர் பெரிதும் செல்லும் நாடு இந்தியா. அங்குச் செல்ல நமக்கு விசா தேவை. பலர் இப்போது இணையத்தின் வழி இ-விசா பெறுகிறார்கள். வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கிறோம், கடப்பிதழை யாரிடமும் ஒப்படைப்பதில்லை. ஆகவே பக்கம் தேவையில்லை என்று எண்ணிவிடுகிறோம். இது தவறு. சென்னையிலோ திருச்சியிலோ இறங்கும்போதுதான் குடிநுழைவு அதிகாரி கடப்பிதழில் முத்திரையிடுகிறார்.

இ-விசாவுக்கு இந்திய அரசு இரண்டு நிபந்தனைகளை விதித்துள்ளது. இந்தியாவில் இறங்கும் நாளில் கடப்பிதழ் இன்னும் ஆறு மாத காலமாவது செல்லுபடியாக வேண்டும். முத்திரையிடக் குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். முதல் நிபந்தனையை நினைவில் வைத்திருப்போர் பலர், இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

எண்ணும் முறை

பக்கங்களை எண்ணும்போது படம் அமைந்த பக்கத்தையும், குறிப்புகளும் விதிகளும் அச்சிடப்பட்ட பக்கங்களையும் விட்டுவிட வேண்டும். விசாவுக்கென உள்ள பக்கங்களில், ஒரு முத்திரைகூட விழாத முழுப் பக்கத்தை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும். மூலையில் சிறு முத்திரை இருந்தாலும் அது வெற்றுப் பக்கம் ஆகாது. அதிகாரிகள் பக்க வரிசைப்படியே முத்திரையிடுவார்கள் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே நடுப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பது நன்று.

சுற்றுலா இடங்களில் நினைவுக்காகக் குத்தப்படும் அலங்கார முத்திரைகளைக் கடப்பிதழில் வாங்குதல் வேண்டா. பிள்ளைகள் அதில் கிறுக்காமல் பாதுகாக்க வேண்டும். பக்கத்தைக் கிழிப்பதோ, முத்திரையை அழிப்பதோ பெரும் பிழை. கடப்பிதழில் மாற்றம் செய்வது 1966 ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றமாகும்.

கூடுதல் பக்கங்களை இணைத்துக்கொள்ள முடியாதா? அமெரிக்கா முன்பு அவ்வாறு 24 பக்கங்களை இணைத்துக் கொடுத்தது. பாதுகாப்பு கருதி 2016 ஜனவரி முதல் அதனை நிறுத்திவிட்டது. பக்கம் தீர்ந்தால், காலம் எஞ்சியிருந்தாலும், புதிய கடப்பிதழ் எடுப்பதே நமக்குரிய வழி.

விமான நிறுவனம் ஏன் தடுக்கிறது?

முகப்பிலுள்ள பணியாளர் நம்மீது வன்மம் கொண்டு தடுப்பதில்லை. உரிய பத்திரமின்றி வந்தவரை ஒரு நாடு திருப்பி அனுப்பினால், அவரை ஏற்றி வந்த விமான நிறுவனமே திரும்ப அழைத்துச் செல்ல வேண்டும். பல நாடுகளில் அபராதமும் கட்ட வேண்டும். ஆகவேதான் ஏறும் இடத்திலேயே சோதிக்கிறார்கள். பத்திரங்களைச் சரியாக வைத்திருப்பது பயணியின் பொறுப்பு என்பது பயணச் சீட்டின் நிபந்தனைகளில் ஒன்று.

நாம் செய்ய வேண்டியது

பயண எண்ணம் தோன்றிய அன்றே குடும்பத்தார் அனைவரின் கடப்பிதழ்களையும் எடுத்து, தேதியையும் பக்கங்களையும் பார்க்க வேண்டும். குறை இருந்தால் முதலில் குடிநுழைவு இலாகாவில் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆம் ஆண்டு நிலவரப்படி, ஐந்தாண்டுக் கடப்பிதழுக்குக் கட்டணம் 200 வெள்ளி. 60 வயதை எட்டியவர்களுக்கு 100 வெள்ளி. அடுத்து, புதிய கடப்பிதழின் எண்ணைக் கொண்டு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசா கிடைத்த பின்னரே விமானச் சீட்டு வாங்குவது நன்று. பழைய கடப்பிதழின் எண்ணில் இந்திய இ-விசா முன்பே பெற்றிருந்தால், பழையதையும் புதியதையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.

எல்லையை அடுத்து வாழ்வோருக்கு எல்லை அனுமதிச் சீட்டு என்ற ஒன்றும் உண்டு. அது தமக்குப் பொருந்துமா என்பதைக் குடிநுழைவு இலாகாவில் கேட்டறிந்தால், சிறு பயணங்களுக்காகக் கடப்பிதழின் பக்கங்களைச் செலவிடாமல் காக்கலாம்.

நாம் கண்ட குடும்பத் தலைவர் ஒரு மாலைப் பொழுதில் ஐந்து நிமிடம் ஒதுக்கித் தம் கடப்பிதழைப் புரட்டியிருந்தால், மூன்றாண்டுச் சேமிப்பு வீணாகியிருக்காது. பிள்ளையை மடியில் வைத்து அவரே முடியிறக்கியிருப்பார். பட்டையை அளந்து வெட்டத் தெரிந்த நமக்குப் பக்கத்தை எண்ணுவது அரிய செயலன்று. இன்றே பெட்டியைத் திறந்து கடப்பிதழை எடுத்துப் பார்ப்போமாக.