கேட்காத பார்சல், செய்யாத செலவு

நான் எதுவும் ஆர்டர் செய்யவில்லை. ஆனால் என் பெயரும் கைப்பேசி எண்ணும் பிசகாமல் அச்சிட்ட பார்சல் ஒன்று கேஷ் ஆன் டெலிவரியில் வீட்டுக்கு வந்தது. அம்மா போனில் கேட்டார். "பணம் கொடுக்காதீங்கம்மா, திருப்பி அனுப்பிடுங்க" என்றேன். டெலிவரிக்கு வந்த தம்பி மறுபேச்சில்லாமல் எடுத்துப் போய்விட்டார். பிள்ளைகள் ஏதோ வாங்கியிருப்பார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் பணம் கொடுத்துவிடுவார்கள். இந்த மோசடி நடப்பதே அந்த நம்பிக்கையில்தான். இப்போது எங்கள் வீட்டில் யார் எதை வாங்கினாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிடுகிறோம். சொல்லாத பார்சலுக்குப் பணம் கிடையாது. கேன்சல் செய்வதற்கென்று யாராவது ஓடிபி கேட்டால் அதுவும் கிடையாது.

சில வாரங்கள் கழித்து, நள்ளிரவில் என் கிரெடிட் கார்டில் டாலரில் செலவு ஆனதாக எஸ்எம்எஸ் வந்தது. பார்சலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. ஓடிபி வரவே இல்லை. பல வெளிநாட்டுத் தளங்களில் கார்டு எண், காலாவதித் தேதி, சிவிவி இருந்தாலே போதும். முதலில் சிறு தொகையை எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய தொகைக்குப் போவது மோசடிக்காரர்களின் வழக்கம். அதனால் சில்லறைதானே என்று விடாதீர்கள்.

உடனே வங்கிச் செயலியில் கார்டை பிளாக் செய்தேன். கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணை அழைத்துப் புகார் எண் வாங்கினேன். கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடவே கூடாது, அங்கே போலி எண்கள் நிறைய. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் தகவல் சொன்னேன். வங்கியில் பேசியவரோ, "உங்கள் கார்டில் நடந்ததுதானே, நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்றார். அத்தோடு விடாமல், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதினேன். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வேறெங்கோ தகவல் கசிந்திருந்தால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்கிறது அது. தவறு வாடிக்கையாளருடையது என்பதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும். புகார் செய்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் திருப்பி வைக்கவும் வேண்டும். மின்னஞ்சலுக்குப் பிறகு பேச்சின் தொனியே மாறியது, பணமும் திரும்பியது. ஆனால் ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரையிலான இழப்பு நம்முடையது.

வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வெளிநாட்டுச் செலவு இல்லாதவர்கள் அந்த வசதியைச் செயலியில் இன்றே அணைத்து வையுங்கள்.