ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள்

டிமென்ஷியா வந்தவர்கள் சிலர் விருந்தாளியைக் கண்டால் தெளிந்ததுபோல் ஆகிவிடுவார்கள். “வாங்க, பஸ் கிடைச்சுதா? பிள்ளைங்க எப்படி?” என்று என் கணவர் விசாரிக்கும் அழகில் நோய் இருப்பதே தெரியாது. நாத்தனார் காபியைக் குடித்துவிட்டு, “அண்ணன் நல்லாத்தானே இருக்கார் அண்ணி, நீங்கதான் பெரிசு பண்றீங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். பொழுது சாய்ந்ததும் இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கதவை இழுப்பார். “வழி விடுங்கம்மா, வீட்ல என் சம்சாரம் காத்திருப்பா” என்பார், என்னிடமே.

நோய் உறுதியானபோதே டாக்டர் சொன்னார்: கையெழுத்து ஒழுங்காக வரும்போதே வங்கிக் கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள் என்று. பென்ஷன், டெபாசிட் எல்லாம் இவர் பெயரில் மட்டும்தான். “ஆள் இருக்கும்போதே பணத்தைப் பிடுங்கறா” என்று கொழுந்தன் வீட்டில் பேச்சு. “என் பணத்தை எடுத்துட்டா” என்று இவரும் சொல்வார். இந்த நோயில் அப்படிச் சந்தேகம் வரும். அவர்கள் அதையும் நம்பினார்கள். காரியம் தள்ளிப்போனது. பிறகு கையெழுத்து கோணிவிட்டது, வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. பவர் பத்திரம் எழுதலாமே என்பார்கள். 1872 ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்தம் கலங்கினால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். நாமினி என்பது அவர் காலத்துக்குப் பிறகுதான் உதவும். 2017 மனநலச் சட்டத்தில் சொத்துக்குக் காப்பாளர் நியமிக்க வழியில்லை என்று வக்கீல் கைவிரித்தார். கட்டின மனைவி, அவர் மருந்துக்கு அவர் பணத்தை எடுக்க உயர் நீதிமன்றம் ஏறினேன்.

மற்றதெல்லாம் நீங்களே சமாளிப்பீர்கள். பி12, தைராய்டு பார்த்துவிடுங்கள். குறைந்தாலும் மறதி வரும். சட்டைப் பையில் விலாசம் இருக்கட்டும். திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றா என்று பாருங்கள்.

பகலுக்கு ஓர் ஆள் வைத்தேன். “கட்டினவளுக்கே பாரமா?” என்றார்கள். ராத்திரி முழுக்க விழித்திருந்து, பகலில் குளிப்பாட்டத் துணியை அவிழ்த்தால் அடி வாங்கி, என் சர்க்கரை ஏறி, இவர் மேலேயே எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். ஆள் வந்த பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. யார் என்று தெரியாவிட்டாலும் இவர் கையை விடுவதில்லை.

நோய் என்று தெரிந்த வாரமே இருவருமாக வங்கிக்குப் போங்கள். யாராவது கருத்துச் சொன்னால், ஒரு ராத்திரி தங்கிவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.