விசைப்படகும் மனித சுதந்திரமும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை திருவேட்டக்குடிக் கடலில் விசைப்படகின் இரைச்சல் கேட்பதில்லை. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் கிழக்குக் கடற்கரை முழுவதிலும் அரசு விதித்துள்ள தடை அது. முன்பு இதைவிடக் குறைவாக இருந்ததைப் பின்னர் 61 நாட்களாக உயர்த்தினார்கள். கட்டுமரங்களும் சிறு படகுகளும் வழக்கம்போல் சென்று வருகின்றன. சட்டம் ஏன் இயந்திரத்தை நிறுத்துகிறது, கட்டுமரத்தை ஏன் விட்டுவிடுகிறது என்பதை நம் வீட்டாரும் சற்றே சிந்திக்க வேண்டும். மரக்கலம் ஓட்டி வாணிபம் செய்த மரபில் வந்த நமக்குக் கடல் அந்நியமானதன்று.

கட்டுமரம் என்பது சில மரங்களைக் கயிற்றால் பிணைத்த எளிய சாதனம். கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலர வைப்பார்கள். உடையவனே துடுப்புப் போடுவான். காற்று சரியில்லையா? ஊரில் ஒரு மையித்தா? பிள்ளைக்குச் சுகமில்லையா? அன்று அவன் கடலுக்குப் போகமாட்டான். ஒரு நாள் பாடு போனது, அவ்வளவே. கரையில் நிற்கும் சுதந்திரம் அவனுக்கு இருந்தது. அவன் வறியவன்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த வறுமையைப் போக்கத்தான் இயந்திரம் வந்தது.

1952இல் நார்வே நாட்டுடன் இந்தியா ஒப்பந்தம் செய்து, கொல்லம் பக்கத்தில் மீனவர் முன்னேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நோக்கம் நல்லது, சிறு மீனவனின் படகைச் சீர்ப்படுத்துவதே ஆரம்ப எண்ணம். ஆனால் வெளிநாட்டில் இறாலுக்கு நல்ல விலை என்று தெரிந்ததும் திட்டத்தின் போக்கே மாறிற்று. இறால் அடித்தரையில் வாழ்வது. அதைப் பிடிக்க இழுவை மடி வந்தது. இரண்டு கனத்த பலகைகள் மடியின் வாயை விரித்துக்கொண்டு கடலடியை உழுது செல்லும். இறாலோடு குஞ்சும் குருத்தும், பாசியும் சிப்பியும் எல்லாம் வாரிக்கொண்டு வரும். மனிதன் உண்ணத்தகாத அளவுக்குச் சிறியவற்றுக்குக் கழிசல் என்று பெயர். உலர்த்திக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். நாளைய மீனை இன்றைய கோழிக்கு இரையாக்கும் இந்தக் கணக்கை எந்தக் கல்விக்கூடத்தில் கற்றார்களோ!

தமிழகக் கரையில் விசைப்படகுகள் பெருகியதும் கட்டுமரக்காரர்களின் வலைகள் அறுந்தன, கைகலப்புகள் மூண்டன. 1983இல் தமிழ்நாட்டில் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கலாகாது என்றாயிற்று.

இனி விசைப்படகு உடையவனின் நிலையைப் பாருங்கள். படகுக்குக் கடன், வலைக்குக் கடன், டீசலுக்கு வியாபாரியிடம் முன்பணம். முன்பணம் கொடுத்தவரிடமே மீனைப் போட வேண்டும், அவர் சொன்னதே விலை. கடன் கொடுத்து அதன் பேரால் ஆதாயம் பெறுவதைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை நம்மில் அறியாதார் இல்லை. படகில் செல்லும் தொழிலாளியோ, டீசல் செலவு கழித்து மிஞ்சியதில் பங்கு வாங்குபவர். கடலில் மீன் குறையக் குறைய இன்னும் தூரம் போக வேண்டும். தூரம் போகப்போக டீசல் கூடும். டீசல் கூடக்கூட கடன் ஏறும். எங்கும் செல்லலாம் என்று வாங்கிய இயந்திரம், எங்கும் நிற்க முடியாதபடி மனிதனை ஓட்டுகிறது.

அந்த ஓட்டம் எல்லைக் கோட்டையும் தாண்டிவிடுகிறது. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. ஆயினும் நம் படகுகள் அங்கே போகின்றன. காரைக்கால் படகுகளும் பிடிபட்டு, மீனவர்கள் அந்நிய நாட்டுச் சிறையில் வாடுகிறார்கள். இவர்களுடைய துயரம் நம் கண்ணில் படுகிறது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வலை அறுந்து நிற்பவர்களின் துயரமும் படவேண்டும். அவர்களும் தமிழ் பேசுபவர்களே. அவர்களில் நம் மார்க்கத்தவரும் உண்டு.

இழுவை மடிக்கு அடுத்து வந்தது சுருக்குமடி வலை. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியில் பையைப்போல் சுருக்கி மொத்தமாக அள்ளுவது. தமிழ்நாடு அரசு 2000இல் இதைத் தடைசெய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2023 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவில், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்றும், படகில் இருப்பிடம் காட்டும் கருவி இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. ஆற்றல் மிகுந்த வலை கைக்கு வந்ததும், அதை வைத்திருப்பவனைக் கண்காணிக்க இன்னொரு இயந்திரம் தேவைப்பட்டுவிட்டது!

இந்த இடத்தில் அல்அஃராஃப் அத்தியாயம் கூறும் கடற்கரை ஊர்வாசிகள் நம் நினைவுக்கு வருகிறார்கள். சனிக்கிழமை மீன் பிடிக்கலாகாது என்பது அவர்களுக்கு இறைவன் விதித்த கட்டளை. சோதனையாக அன்றுதான் மீன்கள் கூட்டமாக மேலே வந்தன. அவர்கள் வெள்ளியன்றே வலையை விரித்து வைத்து, ஞாயிறன்று எடுத்துக்கொண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். சனியன்று கை வைக்கவில்லையே என்பது அவர்கள் வாதம். கண்ணி பெரிதாக இருக்க வேண்டும் என்றால் பெரிய கண்ணிக்குள் சிறுகண் மடியைச் செருகுவதும், கருவி வேண்டும் என்றால் அதை அணைத்து வைப்பதும் அந்த வாதத்தின் வாரிசுகளே. அவ்வூரில் தடுத்துச் சொன்ன ஒரு கூட்டமும் இருந்தது. சொல்லி என்ன பயன் என்று அவர்களையே கேட்ட மூன்றாவது கூட்டமும் இருந்தது. நாம் எதில் சேர்ந்தவர்கள்?

நாம் அறிவுக்கு விரோதிகளல்லர். திருவேட்டக்குடியிலேயே தேசியத் தொழில்நுட்பக் கழகம் இயங்குகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்க வேண்டும் என்றே விரும்புகிறோம். புயல் வருமுன் எச்சரிக்கும் கருவியும், கடலில் தத்தளிப்பவனைக் கண்டுபிடிக்கும் கருவியும் இறைவன் அருளிய அறிவின் பயன்களே. குஞ்சுகள் தப்பிச் செல்லும் வலையையும், டீசல் குறைவாகக் குடிக்கும் படகையும் அவர்கள் ஆராயட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தடைக்காலத்தில் மீன் விலை ஏறும். அப்போது கூடையில் வருவது பெரும்பாலும் கட்டுமரத்துப் பாடும் சிறு படகுகளின் பாடும்தான். அவனுக்கு நாலு காசு கிடைக்கும் மாதங்கள் இவையே. ஆகவே அதிகம் பேரம் பேசாதீர்கள். வளர்ந்தால் பெரிதாகக்கூடிய மீனின் விரலளவுக் குஞ்சுகளைக் குவித்து மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். நெத்திலி போன்றவை பிறவியிலேயே சிறியவை; அவற்றுக்கு இது பொருந்தாது.