ஊசிமுனை உழைப்பும் வீட்டுக் கணக்கும்



'தையல்' என்னும் சொல் தமிழில் பெண்ணையும் குறிக்கும். தைக்கும் தொழிலையும் குறிக்கும். ஒரே சொல் இரண்டுக்கும் அமைந்ததனாலோ என்னவோ, பெண் தைப்பது மூச்சு விடுவதைப் போல் இயல்பானது, அதற்குத் தனியே விலை வேண்டியதில்லை என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. வீட்டிலிருந்தபடியே குழந்தைச் சட்டை, தொட்டில் விரிப்பு, துணிப்பை, பூவேலை செய்த பாவாடை முதலியவற்றைத் தைத்து விற்கும் பெண்கள் காரைக்காலிலும் சுற்றுப்புற ஊர்களிலும் பலர். அவர்களுள் பெரும்பாலோர் துணிக்குக் கணக்கு எழுதுகின்றனர், நூலுக்கும் எழுதுகின்றனர், தம் நேரத்திற்கு மட்டும் எழுதுவதில்லை. அந்த ஒரு குறையைப் போக்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. ஊசியால் உயர்ந்தவர்கள்

தையலும் பின்னலும் நம் நாட்டுப் பெண்களுக்கு வருவாய் தந்த வரலாறு நெடியது. நாகர்கோயிலில் 1820களில் மால்ட் அம்மையார் என்னும் ஆங்கிலப் பெண்மணி தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்பித்தார். அக்காலத்தில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. பின்னலுக்குக் கிடைத்த கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அடிமைநிலையிலிருந்து தம்மைத் தாமே மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தனர் என்று மிஷன் பதிவுகள் கூறுகின்றன. ஊசிக்கு இதனினும் பெரிய பெருமை வேண்டுமோ?

நம் புதுவையிலும் இதற்கொப்பான மரபு உண்டு. 1827இல் அங்கு வந்த குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் ஏழைப் பெண்களுக்குப் பூத்தையல் கற்பித்து வேலையும் அளித்தனர். மேசை விரிப்புகளும் கைக்குட்டைகளும் அவர்கள் கூடத்திலிருந்து பல நாடுகளுக்குச் சென்றன.

இவ்விரு இடங்களிலும் பொதுவாக அமைந்த ஒன்றைக் கவனியுங்கள். செய்த வேலைக்கு இன்ன கூலி என்று பேசப்பட்டது. கூலி பேசப்பட்டதனால்தான் சேமிப்பு பிறந்தது. சேமிப்பினால் விடுதலை பிறந்தது.

2. நரசாபுரமும் அகமதாபாதும்

இனி, கூலி பேசப்படாத இடத்தில் என்ன நேர்ந்தது என்று காண்போம். ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரிப் பகுதியில் உள்ள நரசாபுரம் லேஸ் பின்னலுக்குப் பெயர் பெற்றது. அவ்வூர்ப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பின்னியவை வெளிநாட்டுச் சந்தைகளுக்கு ஏற்றுமதியாயின. செர்மானியச் சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் அங்குத் தங்கி ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டு வேலைகளுக்கு மேலாக நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் அப்பெண்கள் பின்னினர். ஆயினும் அவர்கள் பெற்றது வயலில் கூலிவேலை செய்த பெண்கள் பெற்றதிலும் குறைவு என்று அவர் கண்டார். காரணம் யாது? அவர்கள் தொழிலாளர் அல்லர், ஓய்வு நேரத்தைப் பயனுறக் கழிக்கும் இல்லத்தரசியர் என்று வணிகரும் நினைத்தனர், கணவன்மாரும் நினைத்தனர், அப்பெண்களும் அவ்வாறே நினைத்தனர். எட்டு மணி நேர உழைப்பிற்கு 'ஓய்வு' என்று பெயரிட்டால் அதற்கு விலை ஏது?

இதற்கு மறுதலையான செய்தி அகமதாபாதில் உண்டு. அந்நகரின் ஆலைகளில் கழிந்த துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்து, மெத்தை உறைகள் ஆக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். வணிகர் துணித்துண்டுகளைக் கொடுத்து, தைத்த உறைக்கு இவ்வளவு என்று சில பைசாக்களே தந்தனர். இலா பட் அம்மையார் 1972இல் நிறுவிய 'சேவா' என்னும் அமைப்பில் அப்பெண்கள் 1970களின் இறுதியில் சேர்ந்தனர். ஓர் உறை தைக்க எத்தனை மணி நேரம் ஆகிறது, நூலுக்கும் ஊசிக்கும் எவ்வளவு ஆகிறது என்று கணக்கிட்டு, கூலி உயர்வு கேட்டனர். பின்னர்த் தாமே கூட்டுறவு அமைத்து விற்றனர். அதற்கு முன்பே, 1974இல், உறுப்பினர் நாலாயிரவர் ஆளுக்குப் பத்து ரூபாய் இட்டுத் தமக்கென ஒரு வங்கியையும் தொடங்கியிருந்தனர்.

வீட்டில் இருந்து பிறர்க்காக வேலை செய்வோரும் ஏனைய தொழிலாளரைப் போல் மதிக்கப்பட வேண்டும் என்னும் 177ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றியது. அதற்காக உழைத்தவர்களுள் சேவா அமைப்பினர் முன்னணியில் நின்றனர். அதனை ஏற்று உறுதிசெய்த நாடுகள் மிகச் சிலவே. எனவே சட்டம் வந்து நம் கூலியைக் கணக்கிடும் என்று காத்திராமல், நாமே கணக்கிடக் கற்றல் நன்று.

3. விலையில்லாப் பொம்மை, விலையுள்ள உழைப்பு

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரையையும் புதுவைக் கடற்கரையையும் ஒருசேரத் தாக்கியதை நாம் மறக்க இயலாது. அதன்பின் 2005இல் ஆரோவில்லில் உள்ள 'உபாசனா' என்னும் ஆடையகத்தார், உமா பிரஜாபதி என்பவர் தலைமையில், மீனவப் பெண்களுக்குக் கழிவுத் துணியால் விரல் அளவுப் பொம்மை செய்யக் கற்பித்தனர். 'சுனாமிகா' என்பது அதன் பெயர். அப்பொம்மை விற்கப்படுவதில்லை; அன்பளிப்பாகவே வழங்கப்படுகிறது. ஆனால் அதைச் செய்த பெண்களுக்கு நன்கொடைப் பணத்திலிருந்து கூலி கொடுக்கப்பட்டது.

பொம்மைக்கு விலை இல்லை. உழைப்புக்கு விலை உண்டு. இந்த நுட்பத்தை நம் குடும்பங்கள் உணர வேண்டும். நாத்தனார் மகளுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுக்க விரும்பினால் மனமுவந்து கொடுங்கள். ஆனால் கணக்கேட்டில் 'அன்பளிப்பு, ஐந்து மணி நேரம்' என்று எழுதிவிடுங்கள். எழுதினால் அது கொடை. எழுதாமல் மனத்தில் வைத்தால் அதுவே நாளடைவில் மனக்கசப்பாகும்.

4. ஒரு சட்டையின் கணக்கு

எடுத்துக்காட்டாக, கைப்பூவேலை செய்த குழந்தைச் சட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழ்வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்க.

பருத்தித் துணி ரூ.120. நூல், பொத்தான், ஓரப்பட்டை ரூ.30. ஊசி, எந்திர எண்ணெய், மின்சாரம், பொதி உறை ஆகியவற்றின் பங்கு ரூ.15. ஆகப் பொருட்செலவு ரூ.165.

வெட்டுவதற்கு அரை மணி. எந்திரத்தில் இணைப்பதற்கு முக்கால் மணி. சங்கிலித் தையலும் காம்புத் தையலுமாகப் பூவேலைக்கு மூன்று மணி. மடிப்புத் தையல், காஜா, பொத்தான், இஸ்திரி ஆகியவற்றிற்கு முக்கால் மணி. ஆக ஐந்து மணி நேரம்.

இச்சட்டையை ரூ.300க்கு விற்றால் எஞ்சுவது ரூ.135. ஐந்தால் வகுத்தால் மணிக்கு 27 ரூபாய்! 'கையில் 135 ரூபாய் நின்றதே' என்று மகிழ்பவர், அந்த 27ஐக் கண்டால் திடுக்கிடுவார்.

மணிக்கு ரூ.60 என்று வைத்துக்கொண்டால் கூலி ரூ.300. பொருட்செலவு சேர ரூ.465. துணி வீணாதல், எந்திரத் தேய்மானம் ஆகியவற்றிற்குப் பத்து விழுக்காடு கூட்டினால் ஏறத்தாழ ரூ.510. இதுவே நேர்மையான விலை. கடைக்காரர் வழியாக விற்றால் அவருடைய கழிவை இதற்குமேல் கூட்ட வேண்டும்.

'510 ரூபாய்க்கு யார் வாங்குவார்?' என்னும் வினா எழும். அப்போது கூலியைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். மார்புப் பகுதி முழுவதும் பூவேலை செய்வதற்கு மாறாகக் கழுத்தோரத்தில் ஒரு கொடி மட்டும் தைத்தால் பூவேலை ஒரு மணியில் முடியும். அப்போது மூன்று மணிக் கூலி ரூ.180, பொருட்செலவு ரூ.165, பத்து விழுக்காடும் சேர ஏறத்தாழ ரூ.380. வாங்குபவருக்கும் எளிது, உங்கள் மணிக்கூலியும் குறையவில்லை.

இங்கே நம் அணுவிரதங்களை நினைவுகூர்தல் தகும். இணைப்பை எந்திரத்தில் தைத்திருந்தால், 'பூவேலை மட்டும் கையால்' என்று சொல்லி விற்பது பொய்யாமை. காஜா போட வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அன்றைய கூலியை அன்றே கொடுப்பது கள்ளாமை. பட்டுப்புழு மடிவதை எண்ணிப் பட்டைத் தவிர்க்கும் குடும்பங்களுக்குப் பருத்தியிலேயே அழகிய பூவேலைப் பாவாடை தைத்துக் கொடுப்பது கொல்லாமைக்குச் செய்யும் துணை. அது விற்பனைக்கும் ஒரு வழி.

5. நாளில் எத்தனை மணி?

விலையை அறிந்தபின் அளவை அறிய வேண்டும். ஆசிரியப் பயிற்சி பெற்றோர், பள்ளியில் முதலில் வகுப்பது காலஅட்டவணையே. வீட்டிற்கும் அது பொருந்தும்.

பிள்ளைகள் பள்ளி சென்றபின் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நல்ல வெளிச்சம் உண்டு. வெட்டுதல், பூவேலை முதலிய கண்ணுக்கு உழைப்பான வேலைகளை அப்போது செய்க. நம் இல்லங்களில் சூரியன் மறையுமுன் உணவு முடிந்துவிடுவதால் மாலையில் அடுப்படி ஓய்ந்துவிடுகிறது. அந்த ஒரு மணி நேரம், பிள்ளைகள் பாடம் படிக்கையில் அருகே அமர்ந்து மடிப்புத் தையலும் பொத்தானும் தைக்க ஏற்றது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் விளக்கொளியில் நுண்ணிய பூவேலை செய்தல் கூடாது.

இவ்வாறு நாளுக்கு மூன்று மணியாக வாரத்தில் ஆறு நாள் உழைத்தால் பதினெட்டு மணி. ஐந்து மணிச் சட்டைகள் மூன்று தைக்கப் பதினைந்து மணி. எஞ்சிய மூன்று மணி துணி வாங்கவும் கணக்கெழுதவும் ஆகும். ஆகவே வாரத்திற்கு மூன்று சட்டைகளே உங்கள் எல்லை. தீபாவளிக்கு எட்டுச் சட்டை கேட்டு ஒருவர் வந்தால், 'மூன்று தருகிறேன், எஞ்சியவற்றைப் பொங்கலுக்குத் தருகிறேன்' என்று சொல்லும் துணிவு வேண்டும். மிகுபொருள் விரும்பாமை என்பது சேர்த்த செல்வத்திற்கு மட்டுமன்று, ஏற்கும் வேலைக்கும் அளவு வகுப்பதாகும். அளவு மீறி ஏற்ற வேலை, தூக்கத்தைத் தின்னும். பின்பு பிள்ளைகளிடம் காட்டும் பொறுமையைத் தின்னும்.

இல்லத்து ஆடவர்க்கும் ஒரு சொல். அந்த மூன்று மணி நேரத்தில் அம்மாவை அழைக்காதிருத்தலும், வந்தவர்க்குத் தண்ணீர் கொடுத்தலும், துணி காயப் போடுதலும் அவர்கள் செய்யத்தக்க உதவிகள். அலுவலகம் சென்ற கணவரை மணிக்கு ஒருமுறை அழைத்து 'சாவி எங்கே?' என்று நாம் கேட்பதில்லை அன்றோ?

6. காரைக்காலில் கருத வேண்டியன

கடற்காற்றின் உப்பும் ஈரமும் ஊசிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் தோய்ந்த துணியில் செருகி மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். எந்திரத்தை வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் இடுக. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைத்த துணி எளிதில் காயாது. தீபாவளி வேலையோ அப்போதுதான் மிகும். ஆதலின் சுருங்கக்கூடிய பருத்தித் துணியைப் புரட்டாசிக்குள் நனைத்து, உலர்த்தி, மடித்து வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. சூன் மாதத்தில் பள்ளிச் சீருடையும், ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழாவும் வரும். எனவே ஆண்டின் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

காரைக்காலின் எல்லையும் கருதத்தக்கது. நிலவழியே எப்பக்கம் சென்றாலும் சில கல் தொலைவில் தமிழ்நாடு வந்துவிடும். இங்குத் தைத்ததை நாகப்பட்டினத்துக் கடைக்கு விற்பது, சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை ஆகும். 2017 சூலை முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டம் அதற்குத் தனி விதிகளை வகுத்துள்ளது. பட்டியலில் உள்ள கைவினைப் பொருள்களுக்கு விலக்கும் உண்டு. உங்கள் பொருள் அப்பட்டியலில் உள்ளதா என்பதை ஒரு கணக்காயரிடம் கேட்டுத் தெளிந்தபின் வெளியூர்க்கு விற்கத் தொடங்குங்கள்.

2020 சூலையில் தொடங்கிய 'உத்யம்' பதிவுக்குக் கட்டணம் இல்லை. 2023 செப்டம்பர் 17இல் தொடங்கப்பட்ட பிரதமர் விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் தையலும் ஒன்று. பயிற்சி, ரூ.15,000 வரை கருவி உதவி, முதல் தவணையாக ரூ.1 லட்சம் வரை 5 விழுக்காடு வட்டியில் கடன் ஆகியவை அதில் உண்டு. குடும்பத்தில் ஒருவர்க்கே உரியது. ஆயினும் மூன்று மாதக் கணக்கு எழுதிப் பார்க்குமுன் கடன் வாங்க வேண்டா.

பயிற்சி

1. ஒரு நாற்பது பக்க நோட்டில் நாள், பொருள், செலவு, மணி, விலை என ஐந்து பத்திகள் இடுக. ஒரு மாதம் விடாமல் எழுதுக.

2. மாத இறுதியில் ஒவ்வொரு பொருளுக்கும் மணிக்கூலி காண்க. எது மிகக் குறைவு? அதில் எந்த வேலையைக் குறைக்கலாம்?

3. அன்பளிப்பாகத் தைத்தவை எத்தனை மணி நேரம்? அவை விரும்பிக் கொடுத்தவையா, மறுக்க மாட்டாமல் கொடுத்தவையா?

4. கணக்கைக் கணவரிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் காட்டுக. அடுத்த மாதக் காலஅட்டவணையை அவர்களோடு அமர்ந்து வகுக்க.

நான்காவது பயிற்சியைச் செய்த இல்லத்தில் முதல் மூன்றும் தாமே நிலைபெறும்.