ஆர்டரை மெயிலில் வாங்குங்கள்

மும்பை தாராவியில் தோல் பை, பர்ஸ், பெல்ட் தைத்துக் கொடுக்கும் பட்டறைக்காரரிடம் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று கேட்டால், சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டுவார். பார்ட்டி வாய்ஸ் மெசேஜில் ஆர்டர் சொல்லியிருப்பார். சாம்பிள் படத்துக்குக் கட்டைவிரலைத் தூக்கியிருப்பார். விலை ஏதோ ஒரு போன் பேச்சில் முடிந்திருக்கும். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு, "நான் கேட்ட பிரௌன் இது இல்லையே" என்று ஆரம்பிப்பார்கள். அந்த நேரம் பார்த்து வாய்ஸ் மெசேஜ் பழைய போனோடு போயிருக்கும், அல்லது ஆர்டர் வாங்கிய பையன் வேலையை விட்டிருப்பான்.

வாட்ஸ்அப்பை விடச் சொல்லவில்லை. அதுவும் சட்டப்படி செல்லும் சாட்சிதான். பேரம், படம், நலம் விசாரிப்பு எல்லாம் அங்கேயே நடக்கட்டும். பேச்சு முடிந்த அன்றே, முடிந்ததை ஒரு மெயிலில் எழுதிப் பார்ட்டிக்கு அனுப்பி, "சம்மதம்" என்று ஒரு பதிலை வாங்கிவிடுங்கள். இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஆறேழு வரி போதும். டிசைன் நம்பர், எண்ணிக்கை, நிறம், ஒன்றின் விலை, ஜிஎஸ்டி அதற்குள்ளா வெளியேவா, டெலிவரி தேதி, எந்த இடத்தில், பணம் எத்தனை நாளில். சாம்பிள் படத்தையும் அதே மெயிலில் இணையுங்கள். சப்ஜெக்ட் வரியில் வெறும் 'ஆர்டர்' என்று போடாமல் பார்ட்டி பெயரையும் தேதியையும் போட்டால், ஆறு மாதம் கழித்துத் தேடும்போது கைக்குக் கிடைக்கும்.

முத்திரைத்தாளில் கையெழுத்து இல்லாமல் மெயில் எப்படிச் செல்லும் என்று கேட்பவர்கள் டிரைமெக்ஸ் - வேதாந்தா அலுமினியம் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2007 அக்டோபரில் பாக்சைட் கப்பல்களுக்கான பேச்சு இரு கம்பெனிகளுக்கிடையே மெயிலிலேயே நடந்தது, ஒப்புக்கொண்டதும் மெயிலில்தான். பின்னால் வேதாந்தா பின்வாங்கியது, முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லையே என்றது. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மெயிலில் ஒப்புக்கொண்டபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. இது உங்களுக்கும் சேர்த்துத்தான். தீபாவளி கிஃப்ட் ஆர்டர் மும்முரத்தில் தேதியைப் பார்க்காமல் 'ஓகே' என்று தட்டிவிட்டால், அந்தத் தேதி உங்கள் தலையில்.

மெயிலுக்கு உண்மையான மதிப்பு பாக்கி வசூலில் தெரியும். 2006ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டப்படி, உங்களிடம் சரக்கு வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டியாக. சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்துத் 'தையல் சரியில்லை' என்று போனில் இழுத்தடிப்பது இந்தக் கணக்கில் நிற்காது. ஆனால் சரக்கு என்றைக்குச் சேர்ந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். டெலிவரி சலானில் கையெழுத்து வாங்கியதும் அதைப் படமெடுத்து அன்றைக்கே பில்லோடு மெயிலில் அனுப்புங்கள். தைப்பவருக்கு மட்டுமல்ல, செம்பூரிலிருந்தோ மாட்டுங்காவிலிருந்தோ ஆபீஸ்களுக்குச் சாப்பாடு அனுப்பும் கேட்டரிங்காரருக்கும் இது பொருந்தும். வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு மட்டும் இந்தச் சட்டத்தை நம்ப வேண்டாம்.

2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு பிடியும் இருக்கிறது. பார்ட்டி கெடு தாண்டித் தரும் பணத்தை, தந்த வருடத்தில்தான் செலவுக் கணக்கில் காட்ட முடியும் என்கிறது வருமான வரிச் சட்டம். ஆகவே பாக்கி கேட்கும் மெயிலின் நகலைப் பார்ட்டியின் கணக்குப் பிரிவுக்கும் போடுங்கள். முதலாளி அசையாவிட்டாலும் மார்ச் மாதத்தில் அவருடைய ஆடிட்டர் அசைவார்.

மெயில் அக்கவுண்ட் யார் கையில் இருக்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள். மச்சான் மகன் திறந்து கொடுத்தது, பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும் என்ற நிலை பாதிக் கடைகளில் உண்டு. மீட்பு எண்ணாக முதலாளியின் மொபைல் இருக்க வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். கடைப் பெயரில் சொந்த டொமைன் வாங்கினால் பெரிய கம்பெனிகளிடம் மரியாதை கூடும், ஆனால் அதை உங்கள் பெயரில் வாங்குங்கள், வெப்சைட் செய்து கொடுப்பவர் பெயரில் வேண்டாம்.

"எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று தோல் வியாபாரியின் பெயரில் ஒரு மெயில் வந்தால், அதற்குப் பதில் எழுதாதீர்கள், அதில் இருக்கும் நம்பருக்கும் பேசாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள நம்பரில் கூப்பிட்டுக் கேளுங்கள். முகவரியில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி வரும் மோசடி இது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். மணிக்கணக்கில் யோசித்தால் பணம் கை மாறிவிடும்.

இதற்கெல்லாம் வேண்டிய பிராட்பேண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று அப்போதைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தபோது முதல் நகரங்களில் மும்பையும் ஒன்று. அன்றிலிருந்து பார்த்தால் இப்போது வேகத்துக்குப் பஞ்சமில்லை. மெயிலும் பில்லும் அனுப்ப மிகக் குறைந்த பிளானே தாராளம். விளம்பரத்தில் டவுன்லோடு வேகத்தைத்தான் பெரிதாகப் போடுவார்கள். படங்கள் அனுப்பும் உங்களுக்கு அப்லோடுதான் வேண்டும், கேபிள்காரரிடம் அதைக் கேளுங்கள். கரண்ட் போனால் உங்கள் ரவுட்டர் மட்டுமல்ல, சந்துக்கு இணைப்புத் தரும் அவருடைய பெட்டியும் அணையும். அதற்கு பேட்டரி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். மழைக்காலத்துக்கு வேறொரு கம்பெனியின் மொபைல் டேட்டா கையில் இருக்கட்டும்.

பாக்கி வசூலில் சொன்ன வட்டியும் கெடுவும், சிறு, குறுந்தொழில்களுக்கான உத்யம் பதிவு உள்ளவருக்குத்தான் உறுதி. அடுத்த ஆர்டரை ஏற்கும் முன்பே பதிந்துவிடுங்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசின் உத்யம் இணையதளத்தில் நீங்களே செய்யலாம்; அதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லை, கேட்கிற ஏஜென்டுக்குக் கொடுக்காதீர்கள்.